சாதாத் தண்ணீர்

நல்ல தண்ணீர். குளிர வைக்காமல் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலான அலுவலகங்களில் கேட்காமலே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நீட்டிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் மாறிவிடுகிறது. நீங்கள் கேட்டுவிட்டுக் கொடுத்தீர்கள். நன்றி.

என் கணவர் இறந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். மேஜைமேல் இருக்கும் நோட்டு என்னுடையதுதான். கையெழுத்தும் என்னுடையது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதனால் மறைக்க எதுவும் இல்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வரிசையாகச் சொல்வது எனக்குப் பழக்கம். இருபத்தாறு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். முதலில் வண்டி எண், பிறகு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த நடைமேடை, எத்தனை மணிக்கு. அந்த வரிசை மாறினால் நூறு பேர் தவறான படியில் ஏறி ஓடுவார்கள். ஒரு நாள் இரண்டாம் நடைமேடையில் ஒருவர் தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். என் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "தவிர்க்க முடியாத காரணத்தால் வண்டி தாமதமாகப் புறப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. மேலதிகாரி அன்று என்னைப் பாராட்டினார்.

அந்தக் குரலுக்காக நான் செய்துகொண்டது ஒன்றே ஒன்று. குளிர்ந்த எதையும் குடிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே மூத்த அறிவிப்பாளர் சொல்லிக்கொடுத்தது. சமையலறை மேடையில் ஒரு எவர்சில்வர் ஜக். ராத்திரி காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். காலையில் அதிலிருந்து ஒரு புட்டி நிரப்பிக்கொண்டு போவேன். வேறு எங்கும் வாய் வைக்க மாட்டேன்.

கல்யாணம் ஆனது ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கோடு. சிரிக்கலாம். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கை சுத்தமான ஆள். ஒரு கம்ப்ரஸரில் காதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தெருவில் எல்லோருக்கும் பிடிக்கும். தபால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவர், விலாசம் கேட்டு வந்தவர், யாராக இருந்தாலும் உட்கார வைத்து ஜில்லென்று ஒரு கிளாஸ் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். கிளாஸையும் ஃப்ரிட்ஜில் வைப்பார். வெளியே எடுத்ததும் அதன்மேல் பனி பூத்திருக்கும். அதை ஒரு முறை தன் கன்னத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார்.

"வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு வெதுவெதுன்னு தண்ணி குடுக்கறதும், ஏன்டா வந்தேன்னு கேக்கறதும் ஒண்ணுதான்" என்பார்.

நான் யாருக்காவது சாதாத் தண்ணீர் கொடுத்துவிட்டால் போச்சு. கிளாஸை அவர்கள் கையிலிருந்து வாங்கி, தொட்டியில் கொட்டிவிட்டு, கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு கிளாஸ் எடுப்பார். கோபமே இருக்காது. சிரித்துக்கொண்டே செய்வார். "எங்க மைக்கு பாவம், ஸ்டேஷன் பழக்கம். பயணிகள் கவனத்துக்குன்னு சொல்லிட்டு எதையாவது ஊத்திடும்" என்பார். மைக்கு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கல்யாணமான மறு வாரம் வைத்த பெயர். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்தப் பெயர்தான் வீட்டில் வளர்ந்தது.

என் ஜக்கில் ஐஸ் கட்டி போட்டு வைப்பார். நான் தூக்கி வாயருகே கொண்டுபோகும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். கீழே வைத்துவிடுவேன். அவர் கதவோரமாக நின்று சிரிப்பார். வருஷத்துக்கு நாலைந்து தடவை. முப்பத்து மூன்று வருஷம். நான் கணக்குப் போட்டதில்லை, நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

இது சின்ன விஷயம். எனக்கும் தெரியும். ஒரு வீட்டில் ஒருவருக்கு மின்விசிறி வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம். அப்படித்தான் நானும் எடுத்துக்கொண்டேன், பத்து வருஷம் முன்பு வரை.

பத்து வருஷம் முன்பு எங்கள் ரயில் தடத்தில் அறிவிப்பை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். ஒரே ஒரு குரலைப் பதிவு செய்து எல்லா நிலையத்துக்கும் வைப்பதாக முடிவு. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். திங்கள்கிழமை பத்து மணிக்குக் குரல் சோதனை. என்னோடு இன்னும் இருவர். அதில் ஒருத்தி நான் பழக்கிவிட்ட சின்னவள். அவளே என்னிடம் வந்து, "அக்கா, உங்களுக்குத்தான். நாங்க சும்மா பந்திக்கு ஆள் சேக்க வர்றோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய நண்பர்கள் வந்தார்கள். பெயிண்ட் கடைக்காரர், லாரி டிரைவர், டிரைவரின் மச்சினர். புதிதாக ஒரு ஃப்ரிட்ஜ் சரிசெய்து வீட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எவ்வளவு சீக்கிரம் குளிர்விக்கிறது என்று காட்டுவதற்குத்தான் கூப்பிட்டிருந்தார். எலுமிச்சைச் சாறு. எல்லோரும் குடித்தார்கள். என் முன்னாலும் ஒரு கிளாஸ் வந்தது.

"எனக்கு வேணாங்க. நாளைக்கு டெஸ்ட்" என்றேன்.

"அண்ணிக்கு நாளைக்கு டெஸ்ட்டாம். மைக்குக்கே டெஸ்ட்டா?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"ஒரு கிளாஸ் குடிச்சா குரல் போயிடுமாம்" என்றார் என் கணவர். "முப்பது வருஷமா நான் ஐஸோட குடும்பம் நடத்தறேன், எனக்குப் போச்சா?"

"உனக்கு எதுக்குப்பா குரல், நீ என்ன வண்டியா விடப்போற" என்றார் டிரைவர்.

சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கிளாஸைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார். "எனக்காக. என் வேலைய நான் எல்லாருக்கும் காட்றேன், என் பொண்டாட்டி மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எனக்கு அசிங்கமா இல்லையா? ஒரே மடக்கு" என்றார். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சை முடிப்பதற்காகக் குடித்தேன். கை தட்டினார்கள்.

திங்கள்கிழமை காலை எழுந்தபோது தொண்டையில் குரல் இல்லை. பத்து மணிக்குப் போனேன். "பயணிகள்" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது எழுத்தில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் உடைந்தது. நன்றி, போகலாம் என்றார்கள்.

சின்னவள் குரல்தான் இன்றைக்கும் ஓடுகிறது. நீங்கள் கேட்டிருப்பீர்கள். நன்றாகத்தான் இருக்கும். எனக்குத் தொலைந்த பொருள் அறை கொடுத்தார்கள். குடை, செருப்பு, சாப்பாட்டு டப்பா, ஒரு முறை பல் செட். ஒன்பது வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நானூறு முறை அவள் குரலைக் கேட்டேன். ஒலிபெருக்கி சரியாக என் தலைக்கு மேலே இருந்தது.

டாக்டரிடம் போனேன். என் கணவரும் கூடவே வந்தார். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது கிருமி, இரண்டு மூன்று நாளாகவே உள்ளே இருந்திருக்கும் என்றார். நான் எலுமிச்சைச் சாற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "தண்ணி தண்ணிதாம்மா. ஜில்லுன்னு இருந்தா என்ன, சாதாவா இருந்தா என்ன. தொண்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

என் கணவருக்கு அது போதுமாக இருந்தது. அவர் அதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தபால்காரரிடம் சொன்னார். தன் தங்கச்சியிடம் சொன்னார். "டாக்டரே சொல்லிட்டார், ரெண்டும் ஒண்ணுதான்னு. இவ என்னடான்னா பத்து வருஷமா என்னைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தி வெச்சிருக்கா." நான் அவரை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

எனக்குப் பழிவாங்கும் எண்ணம் இருந்ததா என்று உங்களுக்கு முன்னால் ஒருவர் கேட்டார். இல்லை. பழிவாங்க நினைப்பவள் பத்து வருஷம் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

நான்கு மாதம் முன்பு, நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், அவருக்குப் பக்கவாதம் வந்தது. யாரோ ஒருவர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. விழுங்கவும் மறந்துவிட்டது. மூன்று வாரம் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பயிற்சிப் பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். விழுங்கவும் பேசவும் சொல்லித் தருபவள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். முப்பது வயதுகூட இருக்காது. காரியத்தில் கெட்டி.

முதல் நாளே என்னைச் சமையலறையில் உட்கார வைத்து விளக்கினாள்.

"அம்மா, கவனமா கேளுங்க. இவர் தொண்டை தூங்குது. சாதாத் தண்ணி குடுத்தீங்கன்னா அது உள்ள வந்ததே தொண்டைக்குத் தெரியாது. நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஜில்லுன்னு குடுத்தா இவருக்குத் திடுக்குன்னு முழிச்சுக்குது, விழுங்கிடறார். எல்லாருக்கும் அப்படி இல்ல. இவருக்கு நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். அதனால எதைக் குடுத்தாலும் இந்தப் பவுடரைப் போட்டுக் கெட்டியாக்கி, ஃப்ரிட்ஜ்ல வெச்சு, தேக்கரண்டியில. ஒரு கரண்டி விழுங்கினப்புறம்தான் அடுத்தது."

"புரை ஏறினா?"

"இருமினா நல்லதுன்னு வெச்சுக்கோங்க. சத்தமே இல்லாம உள்ள போறதுதான் பயம்."

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். 'ஜில்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். என் கணவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்தார். வாயின் இடது பக்கம் மட்டும் மேலே போயிற்று. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

முதல் பதினெட்டு நாள் தாளில் உள்ளபடியே செய்தேன். நோட்டைப் பாருங்கள். நேரம், ஜில், எத்தனை கரண்டி, எத்தனை இருமல். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நிலையத்தில் ஒவ்வொரு அறிவிப்பையும் நிமிஷத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தக் கை நிற்கவில்லை. பதினெட்டு நாளில் இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. ஒரு கிளாஸ் முழுக்கக் கரண்டியால் குடிக்க ஆரம்பித்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

பத்தொன்பதாவது நாள் செவ்வாய்க்கிழமை. பயிற்சிப் பெண் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வரவழைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் துண்டோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைக் கூட்டினார்.

"மைக்கு" என்றார்.

கொஞ்சம் குழறலாக, ஆனால் தெளிவாக. அவளுக்கு ஒரே சந்தோஷம். "யாரும்மா அது? யாரைக் கூப்பிடறார்?" என்றாள்.

"என்னைத்தான்" என்றேன்.

"பாத்தீங்களா, முதல் வார்த்தையே உங்க பேருதான். இப்படியே போனா மூணு மாசத்துல நல்லா பேசிடுவார்மா. விழுங்கற தசையும் பேசற தசையும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க. ஒண்ணு தேறினா இன்னொண்ணும் தேறிடும். அப்புறம் பாருங்க, நிறுத்தவே முடியாது உங்களால."

அவள் போன பிறகு அவர் அதைப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கு. மைக்கு. குரல் அவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் சமையலறையில் நின்று கேட்டேன். அடுத்து என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். டாக்டரே சொல்லிட்டார்.

அன்று மாலை நாலு நாற்பதுக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் நேரம். ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை. என் ஜக்கிலிருந்து ஊற்றி, பவுடர் கலந்து கொடுத்தேன். முதல் கரண்டியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த கரண்டியை நீட்டினேன். நோட்டில் இருக்கிறது. 4.40, சாதா, ஆறு கரண்டி, இருமல் மூன்று.

அந்த டாக்டர் சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். ஜில் தண்ணீரால் என் தொண்டைக்குக் கெடுதல் வராது என்றால், ஜில் தண்ணீரால் இவர் தொண்டைக்கு நல்லது மட்டும் எப்படி வரும்? தண்ணீர் தண்ணீர்தான். ரெண்டும் ஒண்ணுதான். பத்து வருஷம் என் வீட்டில் தினமும் ஓதப்பட்டது. நான் அதைக் கடைசியில் ஏற்றுக்கொண்டேன். அதற்கு என்னைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நீங்கள் தலையாட்டவில்லை. பரவாயில்லை.

செவ்வாய், வெள்ளி காலையில் மட்டும் ஜில்லென்று கொடுத்தேன். பயிற்சிப் பெண்ணுக்கு முன்னால் நன்றாக விழுங்குவார். அவள் குழம்பினாள். "நான் வர்றப்ப நல்லாத்தான் இருக்கார். ஆனா நெஞ்சுல கரகரன்னு கேக்குதே. எல்லாம் ஜில்லுன்னுதானே குடுக்கறீங்க?" என்றாள். "தாள்ல இருக்கறபடிதான்" என்றேன். வாயால் சொல்வது வேறு. 'இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்' என்று எத்தனையோ ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியாமல். பதிவேட்டில் மட்டும் பொய் எழுதக் கூடாது. அதனால்தான் அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. கிழித்துப் போட்டிருக்கலாமே என்று உங்கள் ஆள் கேட்டார். பதிவேட்டைக் கிழிப்பது பெரிய தவறு.

அவர் பயிற்சிப் பெண்ணிடம் சொல்லப் பார்த்தார். இடது கையால் என் ஜக்கைக் காட்டினார். "பாருங்க, அம்மாவோட ஜக்கைக் கூட அடையாளம் தெரியுது" என்று அவள் பாராட்டினாள்.

நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள் இருக்கும்போது ஒரு நாள் அவருக்குப் புரை ஏறிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அவள் அவர் உச்சந்தலையைத் தட்டி, "யாரோ நினைக்கறாங்க போல அண்ணனை" என்றாள். நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல். நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஐஸ் போட்ட தண்ணீர்தான் கொடுத்தார்கள். தேறிவிட்டார். அனுப்பும்போது வார்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதோட தப்பிச்சார். இன்னொரு தடவை தண்ணி நுரையீரலுக்குப் போச்சுன்னா இவர் உடம்பு தாங்காது. புரியுதாம்மா?" என்றார்.

புரிந்தது என்றேன். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே ஜக்கில் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்தேன்.

இதை நான் தயங்காமல் சொல்வதைப் பார்த்து உங்கள் எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். அவர் எழுதட்டும். எனக்கு அப்போது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பயிற்சிப் பெண்ணுக்குச் செய்யும் அவமரியாதை. அவள் அவ்வளவு தெளிவாக விளக்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்க மறுத்தார். கரண்டியைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வார். நான் வற்புறுத்தியதில்லை. யாரையும் வற்புறுத்திக் குடிக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. கிளாஸை அவர் கண்ணுக்கு எதிரே ஸ்டூலில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பிறகு அவரே வாயைத் திறப்பார்.

ஒரு நாள் நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது, சக்கர நாற்காலியை இடது காலால் தள்ளித் தள்ளி ஃப்ரிட்ஜ் வரை போயிருந்தார். கதவைத் திறந்துவிட்டார். அவர் சரிசெய்த கதவு, விரலால் இழுத்தாலே திறக்கும். ஆனால் புட்டிகளை மேல் தட்டுக்கு மாற்றியிருந்தேன். கை எட்டவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு, முகத்தை உள்ளே குளிரில் வைத்து உட்கார்ந்திருந்தார். தாடியில் பனி படிந்திருந்தது. கீழ்த் தட்டின் விளிம்பை நக்கியிருந்தார் என்று நினைக்கிறேன். அங்கே ஈரம் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். அவருக்கு அது பிடிக்கும். பிறகு நாற்காலியைப் பின்னால் இழுத்துக் கதவைச் சாத்தினேன். திறந்தே கிடந்தால் கம்ப்ரஸருக்கு நல்லதில்லை. அவர் எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஜில்லு" என்றார். அது அவருக்குத் திரும்பி வந்த இரண்டாவது வார்த்தை. அழுதார்.

"டாக்டர் சொன்னாரே, ரெண்டும் ஒண்ணுதான்னு" என்றேன்.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்து, நாங்கள் ஒரு வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம், வர வேண்டாம் என்றேன். நாத்தனாருக்குப் போன் செய்து, எனக்குச் சளி பிடித்திருக்கிறது, நீயும் வந்து தொற்றிக்கொண்டு போகாதே என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள். என் குரலில் இன்னும் அந்த அளவுக்கு மரியாதை இருந்தது.

கடைசி நாள் புதன்கிழமை. காலை பத்து இருபதுக்குக் குடித்தார். பவுடர் இல்லை. சாதா. கரண்டி இல்லை, கிளாஸ். ஒரு கிளாஸ் முழுக்க நிறுத்தாமல் குடித்தார். இருமலே வரவில்லை. பயிற்சிப் பெண் சொன்ன மாதிரி, சத்தமே இல்லாமல் போயிற்று. இன்னொரு கிளாஸ் கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மூச்சு மாறியது. உதடு ஊதா நிறமாயிற்று. பத்து நாற்பத்தைந்து. நான் எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது பன்னிரண்டு ஐந்துக்கு. இடையில் ஒரு மணி இருபது நிமிஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன குடுத்தீங்க அண்ணி?"

"தண்ணி."

"ஜில்லுன்னுதானே குடுத்தீங்க? அண்ணனுக்கு ஜில்லுன்னு இல்லாட்டி இறங்காதே."

"இல்ல. சாதா. அவரே கேட்டார்."

"எங்கண்ணனா? சாதாத் தண்ணி கேட்டாரா?" என்று கையை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. உங்களிடம் வந்தது அவள்தான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நான் சொன்னது உண்மை. மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், இதைச் சரியாக எழுதுங்கள். அன்று காலை அவர் ஃப்ரிட்ஜைப் பார்க்கவே இல்லை. இடது கையை நீட்டி என் ஜக்கைத்தான் காட்டினார். தானாக வாயைத் திறந்தார். கிளாஸைக் கொட்டவில்லை, கவிழ்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் தண்ணீரை அவரே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். கணவன் மனைவிக்குள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம். நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து குடிக்க எதுவும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.